பேஸ்போல்: அம்பயரா மெஷினா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல பேஸ்போல் பத்தி ஒரு வரி வந்தா போதும், எங்க ஹட்டன் சலூன்ல அன்னைக்கு முழுக்க சண்டைதான். பந்தும் போட்டு பேட்டும் புடிக்கிற ஜப்பான்காரர் ஓட்டானி 2024ல அமெரிக்காவுல 54 ஹோம் ரன் அடிச்சு 59 பேஸும் திருடுனாரு (பந்த அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் புடிக்கிறது), சரி, ஆனா அந்த வருசம் அவரு பந்தே போடலன்னு சொன்னா அடிக்க வாரானுங்க.

நான் எழுத வந்தது அம்பயர் விசயம். 2010ல அமெரிக்காவுல கலராகாங்குற பிட்சர் (பந்து போடுறவர்) வரிசையா 26 பேர அவுட்டாக்கிட்டாரு, 27வது ஆளு முதல் பேஸுக்கு வாரதுக்கு முந்தியே பந்து வந்திருச்சு, அம்பயர் ஜிம் ஜோய்ஸ் சேஃப்னு (அவுட் இல்லன்னு) கைய விரிச்சுட்டாரு, ஒருத்தரையும் பேஸுக்கு விடாம 27 பேரையும் அவுட்டாக்குற பெர்ஃபெக்ட் கேம் போச்சு. பாவம், அந்த அம்பயரே பொறகு அழுதாரு.

இப்ப கொரியாவுல 2024ல இருந்து போட்ட பந்து அடிக்கக்கூடிய எடத்துக்குள்ள வந்த ஸ்ட்ரைக்கா, வெளிய போன போலான்னு மெஷின்தான் சொல்லுது. அமெரிக்காவுல 2026ல இருந்து அம்பயர் சொன்னத மெஷின்ல சரிபாக்கச் சொல்ல டீமுக்கு ரெண்டு சேலஞ்ச், பிட்சர், கேட்சர் (பேட்டருக்கு பின்னால பந்து புடிக்கிறவர்), பேட்டர் மட்டுந்தான் தன் தலையில தட்டி கேக்கலாம், கேட்டது சரின்னா சேலஞ்ச் கொறையாது. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு, கொரியா மாதிரி எல்லாத்தையும் மெஷின்கிட்ட குடுத்துட்டா அம்பயர் எதுக்கு? சித்திர வருசத்துக்கு நம்ம தோட்டத்து கிரவுண்டுல எல்லே (பேஸ்போல் மாதிரி நம்ம நாட்டு ஆட்டம்) ஆடுறப்ப பனிமூட்டத்துல பந்து விழுந்த எடமே தெரியாது, அம்பயர் சொன்னதுதான், திட்டிக்கிட்டே ஆடுவோம்.

இன்னொரு விசயம், ஜப்பான் பசிபிக் லீக்குல 1975ல இருந்தே பிட்சருக்கு பதிலா வேற ஆளு பேட் புடிக்கலாம், அங்க இருக்குற இன்னொரு லீக்கான செண்ட்ரல் லீக்குல 2027லதான் அது வருது. இதெல்லாம் தெரிஞ்சவங்க இங்க இருக்கோம், அமெரிக்கா ஸ்கோரோட ஜப்பான் ஸ்கோரையும் சேத்து போடுங்க ஐயா.

ஒரு வாசகர்,
ஹட்டன்