கீழடிக்கு எல்லாத் துறையும் வேண்டியிருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

'வரலாறு படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று பிள்ளைகளிடம் கேட்பது எங்கள் மானாமதுரைப் பக்கம் இன்னும் நிற்கவில்லை. பக்கத்திலேயே கீழடியை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று சொன்னது அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடம். உயிர் போன பொருளில் இருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும்; எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்துத்தான் வயதைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு இயற்பியல். எலும்புகளைப் பார்த்து இது திமில் உள்ள மாடு, இது எருமை, இது ஆடு என்று பிரித்தது புனே டெக்கான் கல்லூரி. அதற்கு விலங்கியல் அறிவு வேண்டும். சரி, பானை ஓட்டில் கீறியிருந்த பெயர்களை யார் வாசிப்பது? எந்த இயந்திரமும் இல்லை. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்திலும் சங்க இலக்கியத்திலும் ஊறியவர்கள்தான் வாசித்தார்கள். கரித்துண்டு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று குறித்து வைக்காமல் விட்டிருந்தால் அந்தக் காலக் கணிப்புக்கே பொருள் இருந்திருக்காது.

எங்கள் மாவட்டக் கல்லூரிகள் வரலாறு, தமிழ், வேதியியல், விலங்கியல் மாணவர்களை ஒரே குழுவாக அகழாய்வுக் குழிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். உயர்கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கட்டும்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
மானாமதுரை.