இழுப்பறையில் இருக்கும் படிவம் பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பதினோரு நாட்கள் ஆகிவிட்டன. விரல்கள் ஒத்துழைக்காதது ஒரு காரணம். நீ எழுதியிருந்த ஒரு வரி, என்னைப் பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த இடத்துக்கே இழுத்துச் சென்றது இன்னொரு காரணம். "மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைப் படிவத்தை மூன்று மாதமாக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன் அக்கா, என்னைவிட மோசமான நிலையில் எத்தனையோ பேர் இருக்கும்போது அந்தப் பணத்தை நான் எப்படி வாங்குவது?" என்று கேட்டிருந்தாய். ஏறக்குறைய இதே சொற்களில் நானும் என்னையே கேட்டுக்கொண்டு ஒன்றரை ஆண்டுகளை இழந்தேன். அந்தக் காலத்தில் சேமிப்பு கரைந்தது. செலவைக் குறைப்பதற்காக மருந்தை இடைவெளி விட்டு எடுத்துக்கொண்டேன். அதனால் மூட்டுகளில் ஏற்பட்ட சிதைவு இன்றுவரை சரியாகவில்லை. உன்னைப் போல் தயங்கிக்கொண்டிருக்கும் வேறு சிலரும் படிக்கட்டும் என்பதற்காகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன். நீ கேட்டுக்கொண்டபடி உன் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

முதலில், உன்னைவிட மோசமான நிலையில் இருப்பவர்களைப் பற்றி. நீ அனுப்பியிருந்த விதிமுறைகளை முழுவதும் படித்தேன். இத்தனை பேருக்குத்தான் உதவி, எண்ணிக்கை முடிந்தால் நிறுத்தப்படும் என்று அவற்றில் எங்கும் இல்லை. ஒருவருடைய உடல்நிலை தகுதிக்கு உட்பட்டதா என்பதைத்தான் அவை கேட்கின்றன. அப்படியிருக்க, நீ ஒதுங்கி நின்றால் உன் பங்கு இன்னொருவருக்குப் போய்ச் சேரும் என்று நினைப்பது, இல்லாத வரிசையில் யாருக்கோ வழிவிட்டு நிற்பதற்குச் சமம். சக்கர நாற்காலியில் வாழும் ஒரு தோழி, படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை நினைத்துத் தனக்குத் தகுதியில்லை என்று என்னிடம் சொன்னாள். படுக்கையில் இருப்பவரிடம் கேட்டால் அவரும் தன்னைவிடத் துன்பப்படும் யாரையாவது காட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. இந்த ஒப்பீட்டுக்கு முடிவே கிடையாது, தம்பி. அந்தக் கணக்கின்படி உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உதவி பெறும் தகுதி இருக்கும்.

ஆனால் உன் தயக்கத்தின் வேர் அதுவல்ல என்று நினைக்கிறேன். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததுதான் வேர்: பக்கத்து வீட்டுக்காரர் உன்னைப் பார்த்த பார்வை, அலுவலக நண்பர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன "எங்கள் வரிப்பணம்" என்ற சொல், "நன்றாகத்தானே நடக்கிறான்" என்று உன் காதில் விழும்படி யாரோ சொன்னது. கை ஏந்துவது இழிவு என்பதை எழுத்துப் பழகும் வயதிலேயே மனப்பாடம் செய்யும் மொழி நம்முடையது. உழைக்காமல் உண்பவரைக் குத்திக்காட்டத் தண்டச்சோறு என்றொரு சொல்லையும் கையருகிலேயே வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை யாரும் உன்னை நோக்கிச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லாமல், நீயே உன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டாய்.

இந்தச் சந்தேகப் பார்வை உன் தெருவில் பிறந்ததில்லை. அதற்கு நூற்றாண்டுகள் வயதாகிறது. இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம், உடல் இயலாதவர்களையும் உடல் வலுவிருந்தும் வேலையில்லாதவர்களையும் வெவ்வேறு வகைகளாகப் பிரித்தது: முன்னவர்களுக்கு உதவி, பின்னவர்களுக்குக் கட்டாய வேலை. பிரிவு வந்ததுமே, முன்னவர் போல நடிக்கும் பின்னவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கவலையும் கூடவே வந்துவிட்டது. 1834-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, உதவி பெறுபவரின் வாழ்க்கை, மிகக் குறைந்த கூலிக்கு உழைக்கும் தொழிலாளியின் வாழ்க்கையைவிடவும் விரும்பத் தகாததாக இருக்க வேண்டும் என்பது வெளிப்படையான கொள்கையாகவே வைக்கப்பட்டது. உதவி கேட்பவருக்கு வெட்கம் வர வேண்டும் என்று அன்றே திட்டமிட்டார்கள். நீ இன்று அனுபவிக்கும் கூச்சம், உன் மனசாட்சி தானாகச் சொல்வதாக உனக்குத் தோன்றுகிறது. அதில் பெரும்பகுதி பிறர் ஆக்கிவைத்தது.

அதற்குப் பிறகு உலகம் வேறு திசையிலும் நடந்திருக்கிறது. 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் நிறைவேறிய சட்டம், உழைக்கும் திறனை இழந்தவருக்கும் முதியவருக்குமான தொகையைக் காப்பீடாக மாற்றியது. தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்த்தது. தருமமாக இருந்தது ஒப்பந்தமாயிற்று. 1948-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பிரகடனத்தின் 25-ஆவது பிரிவு, நோயாலும் இயலாமையாலும் வாழ்வாதாரத்தை இழக்கும்போது பாதுகாப்புப் பெறுவதை உரிமை என்றே சொல்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, போதுமான வாழ்க்கைத் தரத்தையும் சமூகப் பாதுகாப்பையும் சேர்த்தே பேசுகிறது. உன்னிடமிருக்கும் படிவம் இந்த நீண்ட வழியில் வந்து சேர்ந்த ஒரு காகிதம். அதில் கருணை கோரும் மனு என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பார்.

ஒன்பது ஆண்டுகள் வரி கட்டியிருக்கிறேன் என்று நீயே ஓரிடத்தில் உனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாய். அது உண்மைதான், அந்த நினைவு உனக்கு வலு தருமென்றால் வைத்துக்கொள். ஆனாலும் அதில் அதிகம் சாய்ந்துகொள்ளாதே. பிறவியிலேயே இயலாமையோடு வந்து, ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாதவருக்கும் இந்த உரிமை உன்னளவுக்கே உண்டு. "நான் சம்பாதித்தவன், ஆகவே தகுதியானவன்" என்று வாதிடத் தொடங்கினால், உன்னை உறுத்தும் அதே அளவுகோலால் நீ இன்னொருவரை அளக்கத் தொடங்கிவிடுவாய்.

அக்கம்பக்கத்தார் ஏன் இவ்வளவு எளிதாகக் குறை சொல்கிறார்கள் என்று வருந்தியிருந்தாய். அமெரிக்காவில் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு இப்படிக் குறை சொல்பவர்கள் மீதிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒரு பெண் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி பெறுவதுபோல் நடிக்க, மாணவியர் அதை உண்மையென்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய துன்பத்தை நிறுத்தும் வாய்ப்புக் கிடைத்தபோது பெரும்பாலோர் நிறுத்தவே விரும்பினார்கள். துன்பம் தொடரும், தங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்ற நிலையில் இருந்தவர்களோ, அவளையே தாழ்வாக மதிப்பிட்டார்கள். காரணமில்லாமல் ஒருவருக்குத் துன்பம் வரும் என்றால் நாளை தனக்கும் வரலாம். அந்த அச்சத்தைத் தாங்க முடியாத மனம், பாதிக்கப்பட்டவரிடம் ஒரு குற்றத்தைத் தேடிக் கண்டுபிடித்து அமைதி அடைகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வாசலைத் தாண்டி உள்ளே வர எவருக்கும் ஒரு விபத்தோ ஒரு காய்ச்சலோ போதும். உன்னைப் பார்க்கும்போது அக்கம்பக்கத்தாருக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

ஏமாற்றுபவர்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறார்கள், அது தவறு, அதைக் கண்டுபிடிப்பது நிர்வாகத்தின் கடமை. ஆனால் இத்தகைய திட்டங்களில் இரண்டு விதப் பிழைகள் நேர்கின்றன. தகுதியில்லாதவருக்குப் பணம் போய்ச் சேர்வது ஒன்று. தகுதியுள்ளவருக்குப் போய்ச் சேராதது மற்றொன்று. முதல் பிழை செய்தியாகிறது, பேசுபொருளாகிறது. இரண்டாவது பிழையைச் சுமப்பவர் வாசலுக்கே வராததால் அவருடைய முகம் யாருக்கும் தெரிவதில்லை. மூன்று மாதமாக இழுப்பறையில் கிடக்கும் உன் படிவம் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நீ விண்ணப்பிக்காமல் இருப்பதால் ஏமாற்றுபவர் ஒருவரிடமிருந்துகூட ஒரு காசு திரும்பி வராது.

இனிப் படிவத்துக்கு வருகிறேன். உண்மையில் மனத்தை மிகவும் அறுப்பது அதுதான் என்பதை அதை நிரப்பியவர்கள் மட்டுமே அறிவார்கள். தன்னால் செய்ய முடிந்ததையே நினைத்து நாளைக் கடத்திக்கொண்டிருக்கும் ஒருவரை உட்கார வைத்து, செய்ய முடியாதவற்றை ஒவ்வொன்றாக எழுதச் சொல்கிறது அது. குளிக்க முடியுமா, பொத்தான் போட முடியுமா, எழுந்து கழிப்பறைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறது. எனக்கு முடக்குவாதம் வந்தது முப்பத்திரண்டு வயதில். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. நண்பகலுக்குமேல் கொஞ்சம் இளகும். நான் நண்பகலில் உட்கார்ந்து, "பொத்தான் போட முடியுமா?" என்ற கேள்விக்கு "முடியும்" என்று எழுதினேன். அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் பட்டது. காலையில் என் தாயார்தான் எனக்கு உடுத்திவிட்டார் என்பது, அப்போது ஏனோ ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது அதிர்ந்துபோனேன். நிராகரித்தவர்களுக்கு அந்த விடையை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

நரம்பு மண்டலத்தைத் தாக்கும் உன் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயும் இப்படி ஏறி இறங்குவதுதான். ஒரு வாரம் தெளிவாக இருப்பாய். மறுவாரம் வெயில் கொஞ்சம் கூடினாலே கால் பின்னும், களைப்பு எழவிடாது. "முடியுமா" என்ற கேள்விக்கு எந்த நாளை வைத்துப் பதில் சொல்வது என்று கேட்டிருந்தாய். பிரிட்டனில் 2013-இல் தொடங்கப்பட்ட இத்தகைய உதவித்தொகை ஒன்றின் விதிகள் இதற்கு நல்ல விளக்கம் தருகின்றன: ஒரு செயலை ஒருவரால் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான கால அளவுக்குள் செய்ய முடிந்தால்தான் அதை அவரால் முடியும் என்று கொள்ள வேண்டும். உன் படிவத்தின் விதிகள் வேறாக இருக்கலாம். ஆனாலும் உன்னையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள இந்த நான்கும் போதும். கடைக்கு நடந்து போய்வந்த பிறகு இரண்டு நாள் படுத்துக் கிடந்தாய் என்றால், அந்த இரண்டு நாட்களும் அந்த நடையில் அடக்கம். மோசமான நாளை மறைத்து நல்ல நாளை மட்டும் எழுதுவது தன்மானம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது முழு உண்மை ஆகாது என்பது இப்போது புரிகிறது.

பணம் வரத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, பிறகு நீ தனியாகத் தவிக்கும்படி விட எனக்கு மனமில்லை. ஆகவே வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உதவித்தொகை கிடைத்த முதல் ஆண்டில் உறவினர் வீட்டு விழா ஒன்றுக்குப் போயிருந்தேன். அன்று மாலை வலி குறைவாக இருந்தது; குழந்தைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றேன். நெருங்கிய உறவினர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும், "பணம் வாங்கும் அன்றைக்கு மட்டும்தான் வலிக்குமோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து, தேவைப்படாத நாட்களிலும் கைத்தடியோடுதான் வெளியே போனேன். வாசலில் யாராவது நின்றால் நடையைத் தளர்த்திக்கொண்டேன். நல்ல உடை உடுத்தத் தயங்கினேன். உடல் எனக்குத் தந்த சிறிய ஓய்வுகளை நானே ஒளித்து வைத்தேன். படிவத்தில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை, தம்பி. என் வாழ்வில் நான் உண்மையிலேயே நடித்தது அந்தக் கைத்தடியோடு நடந்த நாட்களில்தான். என்னை நடிக்க வைத்தது அந்தத் தொகை இல்லை, அதைப் பற்றி எனக்கு ஊட்டப்பட்ட வெட்கம். அதிலிருந்து விடுபட நான்கு ஆண்டுகள் ஆயின. இன்றும் சில நாட்களில் வாசலைத் தாண்டுமுன் ஒரு கணம் நின்று யோசிக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பிறர் ஒரு மடங்கு செலவழிக்கும் இடத்தில் நாம் ஒன்றரை மடங்கு செலவழித்தால்தான் அதே இடத்துக்குப் போய்ச் சேர முடிகிறது: பேருந்தில் ஏற முடியாத நாளில் வாடகை வண்டி, உதவிக்கு ஓர் ஆள், அடிக்கடி மாற்ற வேண்டிய சாதனம். பொருளியலாளர் அமர்த்தியா சென் இதைத் தனியாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்: இயலாமை வருமானம் ஈட்டும் திறனைக் குறைப்பதோடு நிற்பதில்லை, கையில் இருக்கும் வருமானத்தை நல்வாழ்வாக மாற்றிக்கொள்ளும் திறனையும் குறைக்கிறது. உனக்கு வரப்போகும் தொகை அந்த இடைவெளியை முழுவதும் நிரப்பாது என்பதை நீயே கணக்குப் போட்டு எழுதியிருந்தாய். ஒருபுறம் அது போதாது என்று தெரிந்திருந்தும், மறுபுறம் அதை ஆடம்பரம்போல் நினைத்து வெட்கப்படுகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் கூப்பிடு. அதற்குள் என் விரல்களும் இளகியிருக்கும், இருவரும் படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு பேசலாம். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதே. மருந்துகளின் பட்டியலையும் மருத்துவர் பெயரையும் கேட்கும் பக்கம் எளிது, அதை முதலில் முடி. அதுவரை ஒவ்வொரு இரவும் அன்றைய நாளைப் பற்றி இரண்டு வரி எழுதிவை: என்ன செய்தாய், அதற்குப் பின் உடல் எப்படி இருந்தது, யார் உதவினார்கள். நல்ல நாளையும் எழுது, விட்டுவிடாதே. "அன்றாடச் செயல்கள்" என்ற பகுதியை மட்டும் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். அதை நீ சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா