பில் பதியும் ஏஐ: சரிபார்க்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பில்லைப் படம் பிடித்தால் ஏஐ மென்பொருளே கணக்கில் ஏற்றிவிடுகிறது. முதலில் போவது பதிவு எழுத்தரின் வேலை. ஆனால் மங்கிய தெர்மல் பில்லில் மென்பொருள் 8-ஐ ஆங்கில எழுத்து 'பி' என்று படிப்பதுண்டு. ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் கடைசி இடம் சரிபார்ப்புக் குறி. அதைக் கணக்கிட்டாலே எண் பிழை பெரும்பாலும் சிக்கிவிடும். தொகைப் பிழை அப்படிச் சிக்காது. 1,180 என்பது 11,800 ஆனாலும் மென்பொருள் தயங்காது. வரிக்கு முந்தைய தொகையும் வரியும் கூடி மொத்தம் வருகிறதா என்று பார்த்து, மாதந்தோறும் 2பி அறிக்கையோடு (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து ஜிஎஸ்டி தளம் நமக்குத் தரும் பட்டியல்) ஒப்பிட வேண்டும். உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டி நம் வரியில் கழித்துக்கொள்ளும் தொகையை, அதிகமாக எடுத்துப் பயன்படுத்திவிட்டால் வட்டி கட்டுவது கடைக்காரர்தான், மென்பொருள் விற்றவர் அல்ல. மிச்சமாகும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துப் பழைய எழுத்தரையே சரிபார்க்க வைக்கலாம். எந்தக் கடையின் பில்லில் தள்ளுபடி எந்த மூலையில் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

– கணக்கர் ஒருவர், ஈரோடு