பாதியிலேயே எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்

கடலோர ஆய்வு நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும், கடல் அறிவியல் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். மன்னார் வளைகுடாக் கரையில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் செய்யும் முதுகலை மாணவி நான். எங்கள் குழுவின் பயிற்சிக்காலத்தில் பாதி முடிந்துவிட்டது. கடைசி வாரத்தில் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் தருவீர்கள். அப்போது நாங்கள் எதைச் சொன்னாலும் எங்களுக்குப் பயன்படாது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

முதலில், கிடைத்ததைச் சொல்கிறேன். கடற்கரை மணலில் நுண்பிளாஸ்டிக், அதாவது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களை, எண்ணுவது என் வேலை. மணலை உலர்த்தி, 5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, இனி கரையாது என்கிற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டுக் கலக்க வேண்டும். மணல் அடியில் தங்கும், பிளாஸ்டிக் மேலே வரும். அதை வடிகட்டி மைக்ராஸ்கோப்பில் எண்ணுவோம். நாம் போட்டிருக்கும் துணியின் இழை பறந்து விழுந்தாலும் எண்ணிக்கை ஏறிவிடும். அதற்காகப் பருத்தி லேப் கோட் மட்டும்தான் போடுகிறோம். காற்றிலிருந்து என்ன விழுகிறது என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு வெற்றுத் தட்டும் வைக்கிறோம். வகுப்பில் ஒரு வரியாகப் படித்ததை இங்கே கையால் செய்தபோதுதான் இந்தக் கவனம் எனக்குப் பிடிபட்டது.

செய்யச் செய்யத்தான் கேள்வியும் வந்தது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் உப்புக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2. பாலித்தீனும் பாலிபுரோப்பிலினும் தண்ணீரைவிட லேசு, மிதந்துவிடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தியோ 1.38 அளவில் இருக்கிறது. பி.வி.சி.யும் கனமானது. இவை மணலோடு அடியிலேயே கிடக்கும், நாங்கள் அந்த மணலைக் கொட்டிவிடுகிறோம். துத்தநாகக் குளோரைடு கரைசலில் இவையும் மிதக்கும். ஆனால் அதன் விலை அதிகம், அது நச்சும்கூட. சரி, உப்பையே பயன்படுத்தலாம். அப்படியென்றால் எங்கள் எண்ணிக்கை இந்தக் கரையில் உள்ள எல்லா நுண்பிளாஸ்டிக்கையும் காட்டவில்லை என்று ரிப்போர்ட்டில் தெளிவாக எழுத வேண்டும். முடிந்தால் சில சாம்பிள்களை மட்டுமாவது இரண்டு கரைசலிலும் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதைப் பேச எனக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கைடுக்குக் கூட்டங்கள். ரிசர்ச் ஸ்காலர் அக்காதான் எங்களுக்கு எல்லாம் சொல்லித் தருகிறார். ஆனால் திட்டத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை, தீசிஸ் நெருக்கடி வேறு.

என்னுடன் தங்கியிருக்கும் தோழியின் நிலைமை இதைவிட மோசம். விசைப்படகு வலையில் மீனோடு சேர்ந்து வரும் கழிவு உயிரினங்கள்தான் அவள் தலைப்பு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றுகூடக் கடலுக்குப் போகாத மாதங்களில் அவளுக்கு அந்தத் தலைப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. தினமும் இறங்குதளத்துக்குப் போய் நாட்டுப்படகு மீனைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

கல்லூரி விடுமுறையை வைத்துத்தான் எங்கள் தேதிகள் போடப்படுகின்றன, கடலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மன்னார் வளைகுடா கலங்கிவிடும், முங்கிப் பார்க்கும் வேலை எதுவும் நடக்காது. அப்போது பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே மாறும். இதைப் பார்த்துத்தான் இங்குள்ள மீனவர்கள் தென்கடல், வடகடல் என்று மாறி மாறித் தொழில் செய்கிறார்கள். கோடையில் வரும் மாணவர்களுக்கு வடகடலின் கடல்புல் திட்டுகளைக் கொடுக்கலாமே? ஏப்ரல், மே மாதங்களில் கடல் சூடேறும்போதுதான் இங்கே பவளங்கள் வெளிறுகின்றன. 2010இலும் 2016இலும் பெரிய அளவில் வெளிறின. காற்று எழுவதற்குள் வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல தலைப்பு கிடையாது. கோடைக்கே உரிய வேலைகள் இத்தனை இருக்கும்போது, தலைப்பும் பருவமும் பொருந்தாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படகில் இடம் குறைந்தால் முதலில் விட்டுவிட்டுப் போவது எங்களைத்தான். பெண் பிள்ளைகள், பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள். இதே கரையில் மரிக்கொழுந்துப் பாசி என்னும் கடற்பாசியை எடுக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக முங்கி வேலை செய்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது லைஃப் ஜாக்கெட்டும் நீச்சல் பயிற்சியும்தான். ஸ்டைபண்ட் பற்றி அதிகம் எழுதவில்லை. அறை வாடகைக்கே கடன் வாங்கி வந்தவர்கள் எங்களில் உண்டு. அவர்களிடமே பயிற்சிக் கட்டணம் வாங்கும் வழக்கத்தை மட்டுமாவது நிறுத்துங்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. பயிற்சிக்காலத்தின் நடுவில் அரை நாள் ஒதுக்குங்கள். கைடு, ரிசர்ச் ஸ்காலர்கள், மாணவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். மதிப்பெண் வேண்டாம், ஸ்லைடும் வேண்டாம். எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். தலைப்பை மாற்றவோ சுருக்கவோ அங்கேயே அனுமதி கொடுங்கள். ஒரு முறை சரிப்பட்டு வரவில்லை என்று எழுதும் ரிப்போர்ட்டையும் ஆய்வாக ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கான தேதிகளைப் போடும்போது தடைக்காலத்தையும் காற்றையும் பார்த்துப் போடுங்கள்.

இந்த ஆண்டுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. ஜூன் 15 முதல் விசைப்படகுகள் கிளம்பிவிடும். என் தோழியின் கடைசி நாளைச் சில வாரங்கள் தள்ளிவைத்தால் அவள் தலைப்புக்குத் தேவையான டேட்டா கிடைத்துவிடும். அதற்குத் துறைத் தலைவரின் ஒரு கையெழுத்து போதும். அவளுடைய விண்ணப்பம் அலுவலகத்தில்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு இன்டர்ன் மாணவி