காசுள்ளவர் பிள்ளைக்கு மட்டுமா வெளிநாட்டுப் பயணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எனது மகள் தரம் 10இல் படிக்கிறாள். அவளுடைய பாடசாலையிலிருந்து ஜப்பானில் உள்ள தோழமைப் பாடசாலைக்கு மாணவர் பரிமாற்றத்துக்காகக் குழுவொன்று போய் வந்தது. அங்கே பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பதையும், மதியச் சாப்பாட்டைத் தாங்களே பரிமாறுவதையும் என் மகள் வாய் ஓயாமல் சொல்கிறாள். வந்த நாளிலிருந்து சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறாள். நல்ல விஷயம்தான்.

ஆனால் அவளோடு ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளை போகவில்லை. ஆங்கிலத்தில் என் மகளைவிடக் கெட்டிக்காரி. தகப்பன் கடற்றொழிலாளி. விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டச் சொன்னதும், விண்ணப்பப் படிவத்தை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாளாம். இதை மகள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

முதலில் திறமை பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பணத்தைப் பிறகு பேசலாம். பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்குத் திரட்டும் நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

இன்னொன்று. பரிமாற்றம் என்றால் அவர்களும் இங்கு வரவேண்டும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களும், கோணேசர் மலையிலிருந்து தெரியும் கடலும் நம்மிடம் உண்டு. தங்க இடமில்லையென்றால், எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துப் பார்க்க நான் தயார்.

ஒரு தாய்,
உவர்மலை, திருகோணமலை.