கோப்பை வேண்டாம், கூடத்துச் சாவி போதும்

சத்துவாச்சாரியில் எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு லெகோ பிளாஸ்டிக் கட்டைகளை மாட்டிக் கட்டும் போட்டி வைத்து, முதல் மூன்று பேருக்குக் கோப்பை கொடுப்பதாகப் போன கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் அந்தப் பிள்ளைகளோடு உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: போட்டி வேண்டாம்.

அங்கே என்ன நடக்கிறது என்று உங்களில் பாதிப் பேர் எட்டிப் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலூர் வெயிலில் நாலு மணிக்கு யார் வெளியே வருவார்கள்? பிள்ளைகளை மூன்று மூன்று பேராக உட்கார வைப்போம். ஒருவர் கையில் கட்ட வேண்டியதன் படம் இருக்கும். அவர் கட்டையைத் தொடக்கூடாது. இன்னொருவர், அவர் கேட்ட கட்டையைத் தேடி எடுத்துத் தருவார். மூன்றாமவர் படத்தைப் பார்க்காமல் சொன்னதைக் கேட்டுக் கட்டுவார். அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள். இது என் மூளையில் உதித்ததில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றவர்களோடு பழகிக்கொள்ள டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை. 2004இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். நம் தெருப் பிள்ளைகளுக்கும் நன்றாகவே ஒத்துவருகிறது.

ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி. முதல் நாள் படம் அவள் கையில். "அதை இங்க வை." "எங்க?" "அங்கதான்!" பையன் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை (சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது). கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு அவளே, "எட்டுப் பொட்டு சிவப்பு எடு. நீளவாக்குல வை. ரெண்டு பொட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும்" என்றாள். கட்டை மேல் இருக்கும் குமிழுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் பொட்டு. அன்று வீடு முடியவில்லை, சுவர் மட்டும்தான்.

இன்னொரு வாரம் எல்லோரும் சேர்ந்து வேலூர்க் கோட்டையின் மதிலைக் கட்டினார்கள். உயர உயர அது நடுவே பிளந்து விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது, எதற்கும் வாய் திறக்காத ஒரு பையன், "ஜாயின்ட்டு மேல ஜாயின்ட்டு வந்தா பொளந்துக்கும், எங்கப்பா சொல்லுவாரு" என்றான். அப்பா கொத்தனார். அடுத்த வரிசையை அவனே அரைக் கட்டை தள்ளி வைத்துக் காட்டினான். மதில் நின்றது. இப்போது எது சரிந்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போட்டியையும் ஒருமுறை நானே வைத்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். கடிகாரத்தை வைத்த பத்தே நிமிடத்தில் ஒருவன் சக்கரங்களை எல்லாம் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். மெதுவாகக் கட்டும் பிள்ளைகளை, "நீ சும்மா இரு" என்று கூட இருந்தவர்களே ஒதுக்கிவிட்டார்கள். அந்த மதில் பையன் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதுவும் போக, எட்டுப் பொட்டுக் கட்டை ஆறே ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதில் எது முதல் பரிசு என்று எந்த நடுவர் சொல்வார்?

கோப்பைக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு பெரிய பாய் வாங்கித் தாருங்கள். தரையில் சிதறினால் பாதிக் கட்டை பீரோவுக்கு அடியில் போய்விடுகிறது. உங்கள் வீட்டுப் பரணில் பிள்ளைகளின் பழைய டப்பா இருந்தால் அதையும் கொடுங்கள். டென்மார்க்கில் 1958இல் வந்த லெகோ கட்டையே இன்றைய கட்டையோடு பொருந்தும், உங்களுடையது பொருந்தாமலா போகும்? மலிவு விலைக் கட்டைகளில் சில கவ்விப் பிடிக்காது. பரவாயில்லை, அதைப் பிரித்தெடுக்கவும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

விழா நாளில் பிள்ளைகள் சேர்ந்து கட்டியதை மேடை ஓரமாக ஒரு மேசையில் வைக்க இடம் கொடுத்தால் போதும். பேர் எழுத வேண்டாம். கூடத்துச் சாவி மட்டும் வழக்கம்போல ஞாயிறு மூன்றரைக்கே இஸ்திரிக் கடையில் இருக்கட்டும். போன வாரம் அது இல்லாமல் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெருவாசி ஒருவன்