சுந்தரத்துக்கு, வீட்டை இடிக்கும் முன்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
அக்டோபர் 14

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. பேத்தி காலேஜில் சேர்ந்ததும் உன் முழங்கால் வலி குறைந்ததும் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதியிருந்தாய் பார், அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மழைக்கு நாலு இடத்தில் ஒழுகுகிறது, ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று பையன் சொல்கிறான், தை பிறந்ததும் ஆரம்பிக்கப் போகிறோம் என்று. உன் வீடு, உன் முடிவு. இருந்தாலும் இந்த ஒன்றரை வருடமாக நான் இங்கே பார்த்ததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. வாரம் ஒருநாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முப்பது வருடம் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தும் இது எந்தச் சீமையைச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. லண்டன் என்றே நினைத்திருந்தேன். 1965 வரை இது லண்டனில் சேர்த்தியே இல்லையாம், எசெக்ஸ் கவுன்ட்டியில் இருந்திருக்கிறது. கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரிதான், ஆனால் ரொம்பப் பழையது. எசெக்ஸ் என்ற பெயரே கிழக்குச் சாக்ஸன்கள் ஆண்ட பூமி என்பதிலிருந்து வந்தது.

நம் ஆட்களின் மளிகைக்கடை, நகைக்கடை எல்லாம் இருக்கிற ஹை ஸ்ட்ரீட்டிலேயே தெற்கே நடந்தால், பிரதான சாலைகளைத் தாண்டி மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது. புனித மரிய மதலேனாள் கோயில். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவர். இன்னும் அங்கே வழிபாடு நடக்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் வில்லியம் ஸ்டூக்லி என்பவரைப் புதைத்திருக்கிறார்கள். 1720களில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற ஆதிகாலக் கல்வட்டத்தை அளந்து வரைந்தவர் அவர். ஏவ்பரி என்ற ஊரில் அதைவிடப் பெரிய கல்வட்டம் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் அந்தக் கற்களைச் சுற்றி நெருப்பு மூட்டி, சூடேறியதும் உடைத்து, வீடு கட்ட எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டூக்லியால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் கூடவே இருந்து வரைந்து வைத்தார். பல கற்கள் எங்கே நின்றன என்று இன்று நமக்குத் தெரிவது அவர் வரைந்த படங்களால்தான். 1765இல் இறந்தபோது அவர் கேட்டுக்கொண்டபடியே மேலே கல் எதுவும் நடவில்லை. எத்தனையோ வருடம் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன் சுந்தரம். அது தெரிந்த அன்றைக்குப் புல்லுக்கு நடுவே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கிருந்துதான் கவுன்ட்டி முழுக்கப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. செம்ஸ்ஃபோர்டில் 1938லிருந்து இயங்குகிற கவுன்ட்டி ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஜான் வாக்கர் என்ற நில அளவைக்காரர் 1591இல் வரைந்த செம்ஸ்ஃபோர்டு வரைபடம் அங்கே இருக்கிறது. தெருக்கோடு மட்டும் இல்லை, ஒவ்வொரு வீட்டையும் கூரையோடு, புகைபோக்கியோடு தனித்தனியாக வரைந்திருக்கிறார். நானூறு வருடம் கழித்து இன்ன வீடு இன்ன இடத்தில் இருந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. நம் தெருவுக்கு அப்படி ஒரு படம் இருக்கிறதா? ஐம்பது வருடத்துக்கு முன்னால் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது உன் தலையிலும் என் தலையிலும்தான் இருக்கிறது.

கிரீன்ஸ்டெட் என்று ஒரு சிற்றூர், அங்கே மரத்தாலேயே ஒரு தேவாலயம். ஓக் மரங்களை நெடுக்கில் பிளந்து, தட்டையான பக்கம் உள்ளே, உருண்டையான பக்கம் வெளியே இருக்கும்படி வரிசையாக நட்டு நிறுத்திச் சுவராக்கியிருக்கிறார்கள். முன்பு 845இல் கட்டியது என்று நம்பினார்கள். 1990களில் மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று தெரிந்தது. அப்படியும் ஆயிரம் வருடத்தை நெருங்குகிறது. மண்ணில் பதிந்திருந்த அடிப்பாகம் உளுத்துப்போனபோது என்ன செய்தார்கள் தெரியுமா? 1848 வாக்கில் கெட்ட அடியை மட்டும் அறுத்துவிட்டுக் கீழே செங்கல் கட்டுமானம் வைத்து, மிச்ச மரத்தை அதன்மேல் நிறுத்தினார்கள். அதனால்தான் மேலே இருப்பது இன்னும் நிற்கிறது. உன் தாழ்வாரத்துத் தூண் ஒன்றின் அடியைக் கரையான் அரித்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு இந்த மரங்கள்தான் ஞாபகம் வந்தன.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கிரெஸ்ஸிங் டெம்பிள். விதம், பிரெய்ன்ட்ரீ என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது. 1137இல் மட்டில்டா ராணி டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவ வீரத்துறவிகளுக்குக் கொடுத்த நிலம். விளைந்த தானியத்தைப் போட்டுவைக்க அவர்கள் இரண்டு களஞ்சியம் கட்டினார்கள். பார்லிக் களஞ்சியம் 1220 வாக்கில், கோதுமைக் களஞ்சியம் 1280 வாக்கில். கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, கதிரும் தானியமும் போட்டுவைத்த கொட்டகை. கணக்குப் போட்டுப் பார், நம் ஊர்ப் பக்கம் பிற்காலச் சோழர் ஆட்சி முடிகிற சமயம். 1312இல் டெம்ப்ளர்களைக் கலைத்துவிட்டார்கள். 1381இல் குடியானவர்கள் கலகம் செய்து இந்த இடத்தைச் சூறையாடினார்கள். களஞ்சியங்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. 1987இல் கவுன்ட்டி கவுன்சில் விலைக்கு வாங்கிப் பாதுகாக்கிறது. இப்போது உள்ளே கல்யாணம்கூட நடக்கிறது.

உள்ளே போனதும் முதலில் இருட்டு. கண் பழகின பிறகு அண்ணாந்து பார்த்தால் ஒரு காடே கவிழ்ந்து நிற்கிற மாதிரி தெரிகிறது. அத்தனையும் ஓக். தூணும் உத்திரமும் சேர்கிற இடத்தில் ஒன்றைக் குடைந்து இன்னொன்றைச் செருகி, குறுக்கே மரஆணி அடித்திருக்கிறார்கள். ஓக் காய்ந்துவிட்டால் இரும்பாகிவிடுமாம், அதனால் பச்சையாக இருக்கும்போதே செதுக்கி மாட்டிவிடுவார்கள். காயக் காய மரம் லேசாக முறுக்கிக்கொண்டு மூட்டு இன்னும் இறுகும். நம் ஊரில் தேக்கை ஆறப்போட்டு இழைப்பதற்கு நேர் எதிர்.

ஒரு தூணில் கைக்கெட்டும் உயரத்தில் உளியால் போட்ட கீறல்கள் தெரிந்தன. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், இன்னும் விளிம்பு தெரிகிறது. கூட வந்த வழிகாட்டி அம்மாள் சொன்னார், அது தச்சர்கள் போட்ட அடையாளம். தரையில் படுக்கப்போட்டுப் பொருத்திப் பார்த்து, இந்த மரத்துக்கு இந்த மரம் என்று குறி போட்டு, பிரித்து, பிறகு தூக்கி நிறுத்தும்போது அந்தக் குறியைப் பார்த்துச் சேர்ப்பார்களாம். உன் வீட்டு நிலையை மாற்றினபோது பெரிய ஆசாரி வாய்ச்சி முனையால் ஒரு கோடு, இரண்டு கோடு என்று போட்டாரே, நாம் இரண்டு பேரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தோமே. அதே கோடுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த மூட்டுகளை வைத்தே கட்டடத்தின் வயதைச் சொல்லலாம் என்று நிறுவினவர் சிசில் ஹ்யூவெட். எசெக்ஸ் முழுக்கக் களஞ்சியங்களிலும் தேவாலயங்களிலும் புகுந்து ஒவ்வொரு மூட்டையும் கையால் வரைந்தார். பலர் பிற்காலத்தது என்று ஒதுக்கியிருந்த கட்டடங்கள் எத்தனை பழையவை என்பது அப்படித்தான் வெளியே வந்தது.

பக்கத்தில் காகஷால் என்று ஒரு ஊர். அங்கேயும் துறவிகள் கட்டின பதின்மூன்றாம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று. 1970களில் கூரை பிய்ந்து, விழப்போகிற நிலைக்கு வந்துவிட்டது. சொந்தக்காரர் இடிக்க நினைத்தார். ஊர்க்காரர்கள் விடவில்லை. வருடக்கணக்கில் போராடி, 1982இல் உள்ளூர் கவுன்சில் அதைக் கட்டாயமாக விலைக்கு எடுக்கும்படி செய்தார்கள். 1985க்குள் பழுது பார்த்து முடித்தார்கள். நல்ல மரத்தை வைத்துக்கொண்டு, கெட்டதற்கு மட்டும் புது ஓக் ஒட்டியிருக்கிறார்கள். புதுசு எது, பழசு எது என்று பார்த்தாலே தெரிகிறது, மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இங்கேயும் எல்லாம் சுலபம் இல்லை. 1947 சட்டத்துக்குப் பிறகு பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டுத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டியிருக்கும். செலவு பெரும்பாலும் சொந்தக்காரர் தலையில்தான். அதில் அலுத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

போன மாதம் சுண்ணாம்பு பூசுகிற ஒரு நாள் வகுப்புக்குப் போனேன். நீற்றிய சுண்ணாம்பில் மணலும் ஆட்டு மயிரும் கலந்து, சிம்பு வைத்துப் பின்னிய சுவரில் அப்ப வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் ஒரு சிமென்ட் பூசின சுவரைத் தட்டிக் காட்டினார். பழைய மரச்சுவரில் சிமென்ட் பூசினால் விரிசல் வழியே உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரத்தை உளுக்கவைக்குமாம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். எங்கள் ஊரில் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை நாள் ஊறவைப்பார்கள், எவ்வளவு கடுக்காய் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் முகம் பார்க்கலாம் போலிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதைப் பூசினவர்களிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை.

அந்த வீட்டைப் பற்றி உன்னிடம் நான் பேசினதே இல்லை. அப்பா போன மறு வருடம் தம்பி போனில் கேட்டான், இடித்துவிடலாமா என்று. இங்கே இருந்துகொண்டே சரி என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஐந்து நிமிடப் பேச்சு. தூண், கதவு, நிலை எல்லாம் பழைய மரம் வாங்குகிறவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது கூடத்துத் தூண் எட்டா, ஆறா என்று எனக்கும் தம்பிக்கும் சண்டை வருகிறது. நீதான் சொல்ல வேண்டும், எத்தனை?

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நாலு இடத்தில் ஒழுகுகிறது என்றாயே, அந்த நாலும் முற்றத்து மூலையில் இரண்டு சரிவு சேர்கிற கூடல்வாய்தானா என்று முதலில் பார். அப்படியென்றால் அங்கே மட்டும் ஓட்டைப் பிரித்து, தகரத்தை மாற்றி, திரும்ப வேய்ந்தால் போதும். மேலே எத்தனை பனங்கை உளுத்திருக்கிறது என்று ஆசாரியை ஏற்றித் தட்டிப் பார்க்கச் சொல். நாலைந்துதான் என்றால் நாலைந்தை மாற்று. தூணுக்கு அடியை அறுத்துக் கல் வைக்கலாம். பையனுக்குப் புதுப் பாத்ரூமும் ஏசி அறையும் வேண்டும் என்றால், கொல்லைப்புறம் அவ்வளவு இடம் கிடக்கிறதே, அங்கே கட்டிக்கொள்ளட்டும். அவனிடமும் இந்தக் கடிதத்தைக் கொடு. அவன் கேட்பதில் தப்பு இல்லை, ஒழுகுகிற வீட்டில் யார்தான் இருப்பார்கள்.

இதெல்லாம் பார்த்தும் இடிக்கத்தான் வேண்டும் என்று வந்தால், அதற்கு முன்னால் டேப் பிடித்து அளந்து, திண்ணையிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரு படம் போட்டு வை. ரேழி, கூடம், நெல் குதிர் இருந்த இடம், உன் பாட்டி உட்கார்ந்த மூலை, எல்லாம் எழுது. பரணில் இருக்கிற வீட்டுப் பத்திரத்தையும் இறக்கி ஒரு நகல் எடுத்துக்கொள்.

நான் மார்கழிக் கடைசியில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. பொங்கல் வரைக்கும் இருப்பேன். அதுவரைக்கும் ஆளைக் கூப்பிடாதே. ஆசாரியும் நீயும் நானும் சேர்ந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிடுவோம். சுண்ணாம்புக்குக் கடுக்காய் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று அவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வைக்கச் சொல், அந்த வகுப்பு எடுத்தவருக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
ராமு